பங்கு யாருக்கு, கடன் யாருக்கு? மாகறல் மண்ணிலிருந்து கம்பெனிச் சட்டத்தின் வரலாறு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய கோயில் உள்ள ஊர் என்று தலபுராணங்கள் சொல்லும். நமக்கு அந்தப் பகுதி பழக்கமானது வேறு காரணத்தால். அந்தச் சுற்றுவட்டாரத்தில் படித்து முடித்த நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "பட்டுச்சேலை வியாபாரம் தொடங்கப் போறோம், தையல் யூனிட் போடப் போறோம். சொந்தப் பேர்லயே நடத்தலாமா, பிரைவேட் லிமிடெட் பதிவு பண்ணலாமா?"

எந்த ஆடிட்டரும் இதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். ஆனால் 'லிமிடெட்' என்ற அந்தச் சொல்லுக்குள் நம் மக்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. அதை ஆடிட்டர் சொல்ல மாட்டார், நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லின் பொருள். ஒருவர் சொந்தப் பெயரில் கடை நடத்தி நொடித்துப்போனால், கடன்காரர் அவருடைய வீட்டையும் நிலத்தையும் சட்டப்படி பிடிக்கலாம். கடைக்கும் மனிதருக்கும் இடையே சுவர் கிடையாது. லிமிடெட் கம்பெனி என்பது அந்தச் சுவர். கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி நபர். கடன் அதனுடையது. பங்குதாரர் போட்ட பணம் போகலாம், அதற்கு மேல் அவர் வீட்டு வாசலுக்கு யாரும் வர முடியாது. கடனை மனிதரின் உடலிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்து வைக்கிற ஏற்பாடு இது.

இந்தப் பிரிவினை யாருக்கு எப்போது கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே இந்தக் கட்டுரை.

பங்கு இருந்தவர்கள், படி வாங்கியவர்கள்

தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் மிராசு முறை இருந்தது. ஊரின் நிலமும் அதன் வருமானமும் இத்தனை பங்கு என்று பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 1818-இல் எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி எழுதிய விளக்கம் இதை விரிவாகச் சொல்கிறது. இன்று கம்பெனிச் சட்டத்தின் தமிழில் புழங்கும் 'பங்கு', 'பங்குதாரர்' ஆகிய சொற்கள் நம் ஊர்களில் எப்போதோ வழக்கில் இருந்தவைதான்.

பங்குகள் வெள்ளாளர், பார்ப்பனர் போன்ற மிராசுதார்களிடம் இருந்தன. சேரிக்குப் பங்கு இல்லை. சேரியில் இருந்தவர் படியாள். அன்றன்றைக்குப் படியில் அளந்து போடும் தானியம்தான் கூலி. நிலப் பங்கு கைமாறும்போது அதோடு சேர்ந்து உழைக்கும் மனிதர்களும் கைமாறிய வழக்கத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி கால ஆவணங்களே பதிவு செய்திருக்கின்றன. பங்கு ஒருவருக்குச் சொத்து. மற்றவருக்கோ, அவரே அந்தச் சொத்தின் ஒரு பகுதி.

இந்த மண்ணை ஆண்டதும் ஒரு கம்பெனிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, காஞ்சிபுரம் பகுதி அடங்கிய செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். லண்டனில் பங்கு வாங்கி வைத்திருந்தவர்களின் லாபத்துக்கான வரி, மாகறல் போன்ற ஊர்களின் களத்துமேட்டிலிருந்து போனது. கம்பெனி என்ற சொல் நம் பாட்டன்களுக்கு முதலில் அறிமுகமானது தொழிலாக அல்ல, ஆட்சியாக. அந்த ஆட்சி மிராசுப் பங்குகளைக் கணக்கெடுத்தது. படியாளுக்குப் புதிதாகப் பங்கு எதையும் எழுதவில்லை.

இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்கள்

1843-இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்றது. 1860-இன் தண்டனைச் சட்டம் அடிமை வாணிபத்தைக் குற்றமாக்கியது. ஆனால் சங்கிலி கழன்ற இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சில ரூபாய் முன்பணத்துக்காக ஒருவர் ஒரே பண்ணையில் காலம் முழுக்க உழைத்தார். அவர் செத்தால் கடன் மகன் தலையில் ஏறியது.

இதே காலத்தில்தான் லிமிடெட் வருகிறது. இங்கிலாந்தில் 1855-இல் வரம்புக்குட்பட்ட பொறுப்பு சட்டமாயிற்று. இந்தியாவில் 1850-இல் கம்பெனிகளைப் பதிவு செய்ய வழி வந்தது, ஆனால் அதில் இந்தப் பாதுகாப்பு இல்லை. 1857-இன் பத்தொன்பதாம் சட்டம் அதைக் கொடுத்தது. பணம் போடுகிறவருக்கு அரசு சொன்னது: தொழில் தோற்றால் கவலைப்படாதே, உன் குடும்பத்தைத் தொட விட மாட்டோம்.

இரண்டே ஆண்டில், 1859-இல், பதிமூன்றாம் சட்டம் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்பார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி சொன்னபடி வேலை செய்யாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மூன்று மாதம் வரை சிறை. மலைத்தோட்ட முதலாளிகள் ஆள் பிடித்து வைக்க இந்தச் சட்டம் நன்றாகப் பயன்பட்டது. 1920-களின் நடுவில்தான் அது நீக்கப்பட்டது.

தோழர்கள் இந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கடன் வாங்கித் திருப்ப முடியாத முதலீட்டாளருக்கு 1857 பாதுகாப்பு தந்தது. பத்து ரூபாய் முன்பணத்தைத் திருப்ப முடியாத கூலிக்கு 1859 சிறை தந்தது. ஒருவருடைய தோல்வி வியாபார நஷ்டம் என்று பெயர் பெற்றது, இன்னொருவருடையது குற்றம். கடன் மனிதரை எவ்வளவு தூரம் துரத்தலாம் என்பதற்கு அரசு ஒரே நேரத்தில் இரண்டு அளவுகோல் வைத்திருந்தது.

1892: லண்டனில் ஒன்று, செங்கல்பட்டில் ஒன்று

கம்பெனிச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் முதலில் படிப்பது சாலமன் வழக்கு. ஆரன் சாலமன் லண்டன் வைட்சேப்பலில் பூட்ஸ் தயாரித்தவர், தோல் வியாபாரி. 1892-இல் தன் தொழிலைக் கம்பெனியாக்கினார். சட்டத்துக்கு ஏழு உறுப்பினர்கள் தேவை. அவரும் மனைவியும் மகளும் நான்கு மகன்களும் சேர்ந்து ஏழு பேர். 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. தொழில் விரைவில் நொடித்தது. 'இது சாலமனின் முகமூடி, கடனை அவரே கட்ட வேண்டும்' என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதை மாற்றியது: முறைப்படி பதிவான கம்பெனி தனி நபர், அதன் கடன் சாலமனுடைய கடன் அல்ல. சிறு தொழில் செய்பவருக்கும் அந்தச் சுவர் உறுதியானது இந்தத் தீர்ப்பால்தான். உத்தரவாதம் எதுவும் இல்லாமல் சரக்கைக் கடனாகக் கொடுத்தவர்களுக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை என்பதும் அதே வழக்கின் பாடம்தான்.

அதே 1892-இல் செங்கல்பட்டில் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. ஆட்சியர் டிரமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர் மக்கள் எப்படிக் கடனாலும் நிலமின்மையாலும் கட்டப்பட்டிருக்கிறார்கள், குடியிருக்கும் மனை கூட மிராசுதாரின் தயவில் இருக்கிறது என்பதை 1891-இல் அறிக்கையாகக் கொடுத்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை அந்த நிலத்தின் சுவர்.

அந்தச் சுவர் நிற்கவில்லை. கைநாட்டு வாங்கி, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி, கடனுக்கு ஈடாக எழுதி வாங்கி, பெரும்பகுதி நிலத்தை ஆதிக்கச் சாதியினர் கொண்டுபோனார்கள். மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். காரணை என்ற பெயர் அதனால்தான் நம் இயக்க வரலாற்றில் நிற்கிறது. சாலமனின் சுவரை நீதிமன்றம் காத்தது. பஞ்சமியின் சுவரைக் காக்கச் சட்டம் எழுத்தில் இருந்தும் அதைச் செயல்படுத்த ஆள் இல்லை.

1906: ஒரே வாரத்தில் ஒரு பதிவு, ஒரு வீழ்ச்சி

தமிழர்கள் கம்பெனி என்றதும் நினைப்பது வ.உ.சி.யை. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சென்னையின் பெரிய ஆங்கிலேய நிதி நிறுவனமான அர்பத்நாட் கதவைச் சாத்தியது. அது லிமிடெட் கம்பெனி அல்ல, கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். அங்கே பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து 1907-இல் இந்தியன் வங்கி லிமிடெட் கம்பெனியாகத் தொடங்கப்பட்டது.

25 ரூபாய் என்பது பெரிய முதலாளி அல்லாதவரும் எட்டிப் பிடிக்கக் கூடிய பங்கு. ஆனால் படியில் கூலி வாங்கியவர் கையில் 25 ரூபாய் எப்படிச் சேரும்? மயிலாப்பூரில் 1872-இலேயே இந்து பர்மனென்ட் ஃபண்ட் என்ற நிதி நிறுவனம் தொடங்கிவிட்டது. எழுத்தும் மாதச் சம்பளமும் இருந்த சாதிகள் கம்பெனிச் சட்டத்தை ஒரு தலைமுறை முன்பே பழகிக்கொண்டன. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் சுதேசி இயக்கத்தைத் தொடர்ந்து கேள்வி கேட்டதற்கு இந்தப் பின்னணியும் உண்டு. சாதியை வைத்துக்கொண்டு நடத்தும் சுதேசியில் நமக்குரிய இடம் எது என்பது அவருடைய கேள்வி.

ஏழைகளுக்கென்று அரசு கொடுத்தது கூட்டுறவு. 1904-இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ், மாகாணத்தின் முதல் சங்கம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் அமைந்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விதி கவனத்துக்குரியது. கிராமச் சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. ஒருவர் கட்டாவிட்டால் எல்லோரும் கட்ட வேண்டும். நிலம் இருப்பவர், நிலம் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? பட்டணத்துப் பணக்காரருக்கு லிமிடெட், கிராமத்து ஏழைக்கு அன்லிமிடெட் என்று மீண்டும் அதே இரண்டு அளவுகோல்.

அண்ணல் நடத்திய தொழில்

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியர் ஆவதற்கு முன், அண்ணல் அம்பேத்கர் சிறிது காலம் பங்குச் சந்தை முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் நடத்தினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தொழில் நடத்துபவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. தொழிலை மூட வேண்டியதாயிற்று.

கம்பெனிக்குச் சாதி கிடையாது என்று சட்டப் புத்தகம் சொல்லும். வாங்குகிறவர் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று விசாரிக்கிறார். சரக்கு கடனுக்குக் கிடைப்பதும் வாடகைக்குக் கடை கிடைப்பதும் உறவுக்காரர் ஜாமீன் போடுவதும் சாதி வலைப்பின்னலில்தான் நடக்கிறது. பதிவுச் சான்றிதழ் அந்த வலையை அறுத்துவிடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தம், பட்டியலினத்தவர் தொழில், வியாபாரம் செய்வதைத் தடுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. தொழில் தொடங்கும் தோழர்கள் கம்பெனிச் சட்டத்தோடு இந்தப் பிரிவையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணல் தனியார் கம்பெனியே விடுதலைக்கு வழி என்று சொன்னவர் அல்லர் என்பதையும் மறைக்கக் கூடாது. 1947-இல் எழுதிய 'மாகாணங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் முக்கியத் தொழில்களும் காப்பீடும் நிலமும் அரசிடம் இருக்க வேண்டும் என்றார். நாம் கம்பெனி பதிவு செய்வதால் நிலக் கேள்வியும் கூலிக் கேள்வியும் முடிந்துவிடாது.

முன்பணத்தின் கதை முடியவில்லை

கடன் பிள்ளைக்குப் போகாது என்ற உரிமை படியாளின் வாரிசுகளுக்குச் சட்டமாக வந்தது 1976-இல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் பரம்பரையாக வரும் கடனையும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால் வரும் கடமையையும் கொத்தடிமையின் வரையறைக்குள் கொண்டுவந்து, அந்தக் கடன்களை ரத்து செய்தது. 1857-க்கும் 1976-க்கும் இடையே 119 ஆண்டுகள்.

அதன் பிறகும் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் முன்பணம் போகவில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர் அதைத் தீர்க்கும் வரை வேறு இடத்துக்குப் போக முடியாது. பெற்றோர் வாங்கிய பணத்துக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளின் நிலையை 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை உலகுக்குச் சொன்னது. பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பலருக்குக் கைகொடுத்தன என்பதும் உண்மை. ஆனாலும் சேலையின் மேல் கடையின் பெயர் இருக்கிறது, நெய்தவர் பெயர் இல்லை.

இங்கே சாலமன் வழக்கின் மறுபக்கத்தை நினைவில் வையுங்கள். ஒரு கம்பெனி நொடித்தால் அதன் சுவர் முதலாளியைக் காக்கும். வெளியே நிற்பவர் கூலி பாக்கிக்காரர். 2016-இன் திவால் சட்டம் தொழிலாளரின் 24 மாத பாக்கிக்கு அடமானக் கடன்காரருக்குச் சமமான இடம் தருகிறது. வீட்டில் தறி போட்டு, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் 'தொழிலாளர்' என்று நிரூபிப்பதே பெரும்பாடு. நாளை நாம் நடத்தப்போகும் கம்பெனியிலும் இப்படி ஒருவர் வெளியே நிற்பார். அவர் நம் அத்தையாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். அவருக்குக் கூலிச் சீட்டு எழுதிக் கொடுப்பதிலிருந்து நம் கம்பெனி தொடங்க வேண்டும்.

இன்று கதவு திறந்திருக்கிறது, எச்சரிக்கையோடு நுழைவோம்

2013 சட்டத்தின்படி ஒரே ஆள் கூட 'ஒரு நபர் கம்பெனி' தொடங்கலாம். பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பேர் போதும். குறைந்தது ஒரு லட்சம் மூலதனம் வேண்டும் என்ற விதி 2015-இல் போய்விட்டது. 2008 சட்டத்தின் எல்.எல்.பி. கூட்டாண்மையிலும் பொறுப்புக்கு வரம்பு உண்டு, கணக்குச் செலவு குறைவு. பத்து நெசவாளர் அல்லது விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம். அதில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதால், தறிக்காரர்கள் கூடிச் செய்யும் தொழிலுக்கு நாம் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

அரசுத் திட்டங்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. பட்டியலினத்தவர் புத்தொழில் நிதி 2022-23-இல் 30 கோடி ரூபாயில் தொடங்கியது. அது கடனாகத் தராமல் பங்காக முதலீடு செய்கிறது. மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-இன் ஆணை. பங்கு முதலீடு வேண்டும் என்றால் பங்கு உள்ள கம்பெனி வேண்டும். இந்த இடத்தில் லிமிடெட் பதிவுக்கு நேரடிப் பயன் இருக்கிறது.

இங்கேதான் பஞ்சமி நிலத்தின் பாடம் நமக்குத் தேவைப்படுகிறது. இத்திட்டங்களில் பல, கம்பெனியின் 51 சதவீதப் பங்கு பட்டியலினத்தவரிடம் இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் பணம் உள்ள ஒருவர் வந்து, "உன் பேரை மட்டும் கொடு தம்பி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்பார். பங்கு மாற்றப் படிவத்தில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொள்வார். உங்கள் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் பென்டிரைவ் அவர் மேசை டிராயரில் இருக்கும். பஞ்சமி நிலம் போனது கைநாட்டில். பங்கு போவது இந்தப் பென்டிரைவில். லாபம் அவருக்கு. வரித்துறை நோட்டீஸ் வரும்போது இயக்குநர் நீங்கள்.

சுவரில் ஓட்டைகளும் இருக்கின்றன. வங்கி கேட்கும் தனிநபர் உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை லிமிடெட் என்பது பெயரளவில்தான். கம்பெனியின் திவால் தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டாலும் உத்தரவாதம் கொடுத்தவர் தானாக விடுபடுவதில்லை என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசோலை திரும்பினாலும் ஜி.எஸ்.டி. பாக்கி நின்றாலும் இயக்குநரைத் தேடி வருவார்கள். வியாபாரமே நடக்காவிட்டாலும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து தாக்கல் இல்லையென்றால் ஐந்து ஆண்டு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன.

ஆகவே மாகறல் பக்கத்துத் தோழர்களின் கேள்விக்கு நம் பதில் இது. தையல் மெஷின் இரண்டும் பெரிய கடன் எதுவும் இல்லாத வியாபாரமும் என்றால் சொந்தப் பெயரிலேயே தொடங்குங்கள். கடன் வாங்கிச் சரக்கு எடுக்கும் தொழில், கூட்டாளிகள் உள்ள தொழில், முதலீடு தேடும் தொழில் என்றால் லிமிடெட் பதிவு செய்யுங்கள். சங்கவிதிகளை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். டிஜிட்டல் கையொப்பம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். வீட்டை ஈடாக எழுதிக் கொடுக்கும் முன் வீட்டில் உள்ள பெண்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

நம் முன்னோரின் கடனுக்கு வரம்பு இல்லாமல் இருந்தது. அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது, உடலோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கடனின் பேரப்பிள்ளைகள் இன்று 'பங்குதாரர்' என்ற இடத்தில் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். எழுதிய பெயரை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை.

ஜெய்பீம்.